பூட்டிய வீடும் புகல் தேடும் குடியும்

ஜோலார்ப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கிச் சற்று நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு ஏலகிரி மலை கண்ணிற் படாமற் போகாது. 1864-ல் பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு ரயில் பாதை இங்கிருந்து பிரிந்த நாள் முதல், இந்த ஸ்டேஷனில் வண்டி மாறிய எத்தனையோ லட்சம் ஜனங்கள் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மலைமேல் சனி, ஞாயிறுகளில் விளக்குகள் அதிகம். மற்ற நாட்களில் குறைவு. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்னவென்று விசாரிக்கப் புகுந்தால், நமது நாட்டின் வீட்டுக் கஷ்டம் முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பது தெரியவரும்.

மலையின் அடியில் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. தோல் பதனிடுவதும், பாதரட்சை தைப்பதும், அவற்றைக் கடல் கடந்து அனுப்புவதும் இவ்வூர்களின் ஜீவாதாரம். வேலை இருக்கும் இடத்திற்கு மனிதர்கள் வருவது இயற்கை. வந்த மனிதர்களுக்கு இருக்க இடம் வேண்டுமே என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் எழுவதாகத் தெரியவில்லை. தோல் கம்பெனியொன்றில் கணக்கெழுதும் நமது நண்பர் ஒருவர் இரண்டு மாதமாக வாடகைக்கு வீடு தேடினார். அவருடன் சில நாட்கள் நாமும் அலைந்தோம். அந்த அலைச்சலில் கண்டவற்றையே இங்கு எழுதத் துணிந்தோம். இது ஒருவருடைய சொந்தக் கதையன்று. இந்தப் பக்கத்தில் மாதச் சம்பளம் வாங்கும் எவரும் தம் கதையென்றே இதை ஒப்புக்கொள்வார்.

வீடு தேடுபவனிடம் முதலில் வருபவர் தரகர். ஒரு மாத வாடகை அவருக்குக் கூலி. அவர் காட்டும் வீட்டின் வாசலில் சொந்தக்காரர் நின்றுகொண்டு பரீட்சை நடத்துகிறார். எத்தனை பேர், என்ன வேலை, எத்தனை குழந்தைகள் என்பன நியாயமான கேள்விகள். அதற்குமேல், "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" என்கிறார். ஊரின் பேரைக் கேட்பது விலாசத்திற்காக அல்ல. தெருவின் பேரைக் கேட்பதும் தபால் போடுவதற்காக அல்ல. ஜாதியை வாய் திறந்து கேட்க வெட்கப்படும் அளவுக்கு நாகரிகம் வளர்ந்திருக்கிறது. கேட்காமல் விடும் அளவுக்கு வளரவில்லை. "நீங்கள் கறி சமைப்பீர்களா?" என்ற கேள்வி இதன் தம்பி. தோலைத் தொட்டுச் சம்பாதித்த பணம் வாடகையாக வரலாம், அட்வான்ஸாக வரலாம். அந்தத் தோலுக்குரிய மாட்டின் கறி மாத்திரம் அடுப்பில் ஏறலாகாது! டில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சுகதேவ் தோராட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே தகுதியுள்ள, வெவ்வேறு ஜாதி மதப் பெயர்களையுடைய ஆட்களை வாடகை வீடு கேட்கச் செய்தார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் கதவு அடைபட்டதை 2015-ல் வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சியை வாணியம்பாடியில் நடத்தவேண்டிய அவசியமில்லை. ஒரு நாள் மாலை நடந்தால் போதும்.

மகாத்மாவுக்கே இந்த அனுபவம் உண்டு என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டார்கள். 1915 மே மாதத்தில் அவர் ஆமதாபாத்துக்கு அருகே கோச்ரப்பில் ஆசிரமம் ஆரம்பித்தபோது அது சொந்தக் கட்டடமன்று; பாரிஸ்டர் ஜீவன்லால் தேசாயின் பங்களாவை வாடகைக்கு எடுத்தார். தூதாபாய் என்ற தீண்டாதார் குடும்பம் அங்கே வந்து சேர்ந்ததும் கிணற்றடியில் தகராறு பிறந்தது. ஏற்றம் இறைத்தவன், ஆசிரமத்து வாளியின் துளி தன்மேல் தெறித்தால் தீட்டு என்று வைது தீர்த்தான். பண உதவி நின்றது. காந்தியடிகள் தீண்டாதார் குடியிருப்புக்கே போய்விடுவதென்று தீர்மானித்த சமயத்தில், ஒரு செல்வர் மோட்டாரில் வந்து 13,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். நமது நண்பருக்கு மோட்டாரில் யாரும் வரவில்லை.

ஜாதிப் பரீட்சையில் தேறியவனுக்கு அடுத்தது தண்ணீர்ப் பரீட்சை. பாலாற்றுப் படுகையில் வீட்டின் மதிப்பைச் சுவரும் கூரையும் தீர்மானிப்பதில்லை. குழாயில் வரும் நீர் தீர்மானிக்கிறது. தோல் பதனிடும் கழிவு ஆற்றிலும் நிலத்திலும் கலந்து ஊற்று நீர் உவர்த்துப்போனது இன்று நேற்றைய சங்கதியன்று. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது, தோல் தொழிற் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமற் போனதாகக் கணக்கு எடுத்துக் காட்டப்பட்டது. கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை இந்திய சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பினால். நிலத்துக்குக் கணக்குப் பார்த்தார்கள், சரிதான். வாடகைக் குடிகள் மாதந்தோறும் குடிநீர் விலைக்கு வாங்குகிறார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? குழாய் நீர் நன்றாக இருக்கும் தெருவில் வாடகை ஏறுகிறது. உவர்நீர்த் தெருவில் வாடகை குறைகிறது, ஆனால் கேன் தண்ணீரில் அது திரும்பி வந்துவிடுகிறது. ஏழைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்படி அலைந்து களைத்த நிலையில்தான் நண்பர் மலைமேல் ஒரு வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டார்.

ஏலகிரிக்கு ஏறும் பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. நெடுஞ்சாலைக்காரர்கள் அவற்றுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். கபிலர் வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாரி வளைவு. வீடு தேடி ஏறுகிறவனுக்கு இந்த இரண்டு பெயர்களும் சும்மா இரா. பாரி மாண்ட பிறகு அவன் பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, ஒரு புகல் தேடிச் சிற்றரசர் வாசல்தோறும் நின்றவர் கபிலர். விச்சிக்கோனும் மறுத்தான், இருங்கோவேளும் மறுத்தான். பழங்குடிப் பெருமை விசாரித்துவிட்டு மறுக்கிற வழக்கம் நம் நாட்டில் புதிதன்று போலும்!

மலை சுமார் 1,100 மீட்டர் உயரம். மேலே 14 சிற்றூர்கள். மலையாளிகள் எனப்படும் மலைக்குடிகள் பல தலைமுறைகளாக வாழும் ஊர்கள். ஒரு காலத்தில் மலை முழுவதும் ஒரு ஜமீன் குடும்பத்தின் சொத்தாக இருந்து, 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் சர்க்கார் வசமாயிற்று. அந்த ஜமீன் மாளிகை ரெட்டியூரில் இன்னும் நிற்கிறது. ஜமீன் போன இடத்தில் இப்போது வேறொரு வகை எஜமானர்கள் வந்திருக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வசதியாக இருப்பவர்கள் கோடையில் நாலு நாள் தங்குவதற்கென்று இங்கே மனை வாங்கிக் குடில் கட்டுகிறார்கள். கட்டிய முதல் இரண்டு வருஷம் வருகிறார்கள். பிறகு பிள்ளைகள் வளர்ந்து விடுகிறார்கள், வேறு மலைகள் பிடித்துப்போகின்றன, சொந்தக்காரர் காலமாகிறார், வாரிசுகளுக்குள் வழக்கு. பூட்டு மட்டும் உண்மையாக இருந்து துருப்பிடிக்கிறது.

நண்பர் கேள்விப்பட்டது அத்தகைய வீடு. கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், மங்களூர் ஓடு. சில வருஷமாகத் திறக்கவேயில்லை. சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார், டெலிபோனில் பேசினார். வாடகை குறைவு, பழுது பார்க்கும் செலவு குடியிருப்பவருடையது, எத்தனை காலம் என்பதைப் "பார்த்துக்கொள்ளலாம்." இந்தக் கடைசி வார்த்தையை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வருவோம்.

பூட்டிக் கிடந்த வீட்டைக் குடியிருக்க எடுப்பவன் முதலில் செய்யவேண்டியது தரையைப் பார்ப்பதன்று, கூரையைப் பார்ப்பது. வெயில் ஏறிய நேரத்தில் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தால், ஒளிப்புள்ளி தெரியும் இடமெல்லாம் மழை இறங்கும் இடம். நாங்கள் பார்த்தபோது கூரை நட்சத்திர வானம் போல் இருந்தது. மங்களூர் ஓடு நல்ல ஓடுதான். பாஸல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் முதல் தொழிற்சாலை வைத்த நாள் முதல் தென்னிந்தியா முழுவதும் பரவிய ஓடு அது. ஒன்றோடொன்று கோத்து நிற்கும். ஆனால் ஏலகிரியின் குரங்குகளுக்கு அந்தக் கோப்பு ஒரு பொருட்டன்று. ஓர் ஓடு நகர்ந்தால் மழைநீர் ரீப்பரில் இறங்குகிறது, ரீப்பரிலிருந்து கைமரத்திற்கு, கைமரம் சுவரில் உட்காரும் முனைக்கு. அந்த முனைதான் உயிர்நிலை. வெளியே பார்த்தால் மரம் முழுசாக இருக்கும். ஆணியால் குத்தினால் விரற்கடை ஆழம் இறங்கும். சுவரோரம் மண்குழாய் போல் கறையான் ஏறிய தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த வீட்டில் பதினெட்டுக் கைமரங்களில் ஐந்து போய்விட்டிருந்தன. மற்றவை தேக்கு, நன்றாக இருந்தன.

சுவரைப் பற்றி மலைமேல் வேலை செய்யும் கொத்தனார் பெரியவர் ஒருவர் சொன்னது நம் மனத்தில் பதிந்துவிட்டது. இடையில் எவரோ ஒருவர் ஈரம் தெரியாமலிருக்கச் சுவரின் கீழ்ப்பாதிக்குச் சிமிட்டி பூசியிருந்தார். அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை உரிச்சிடுங்க சார், சுவரு மூச்சு விடணும்" என்றார் பெரியவர். விஞ்ஞானமும் இதையேதான் சொல்லுகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழஞ்சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமிட்டிப் பூச்சு அதன் வாயை அடைத்தால் ஈரம் உள்ளேயே ஏறி, பூச்சுக்கு மேலே உப்புப் பூத்துச் செங்கல்லைத் தின்னும். நீற்றிப் பல நாள் ஊறவிட்ட சுண்ணாம்பும், மணலும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரும் சேர்த்து அரைத்த பழைய சாந்தே இதற்கு மருந்து. அதைச் செய்யத் தெரிந்த கை நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. கூலி அதிகம் என்பார்கள். ஆனால் மூன்று வருஷத்துக்கொரு முறை சிமிட்டி உதிர்ந்து மறுபடி பூசுகிற கூலியைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

கிணறு ஒன்று இருந்தது. பலகை போட்டு மூடிக் கிடந்தது. ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றிலோ கழிவுத் தொட்டியிலோ தூர் வாரவென்று ஆளை இறக்குவது கொலைக்குச் சமானம். உள்ளே தங்கிய விஷவாயு கண்ணுக்குத் தெரியாது. முதலில் இறங்கியவரைத் தூக்க இரண்டாமவர் இறங்கி, இருவரும் மாண்ட சேதிகளைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். கழிவுத் தொட்டியில் தக்க பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இயந்திரத்தைக் கொண்டு இறைக்க வேண்டும்; அதற்கான செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். மின்சாரமும் அப்படித்தான். துண்டித்துக் கிடக்கும் இணைப்பின் பாக்கி யார் தலையில் விழும் என்பதைக் குடிபோகும் முன்பே கேட்டுத் தீர்த்துக்கொள்வது நல்லது. எலி கடித்த பழைய கம்பிகளை நம்பிக் குழந்தைகளைக் குடிவைக்கலாகாது.

இவ்வளவும் செய்தால் வீடு வீடாகிவிடும், ஐயமில்லை. ஆனால் யாருடைய வீடாகும் என்பதே கேள்வி.

கணக்குப் பார்ப்போம். கீழே ஊரில் 6,000 ரூபாய் வாடகையென்றும், மலைமேல் இந்த வீட்டுக்கு 3,000 ரூபாயென்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 மிச்சம். பழுது பார்க்க 1,08,000 ரூபாய் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்ப 36 மாதம் ஆகும். பதினோராம் மாதக் கடைசியில் சொந்தக்காரர், "மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும்" என்று சொல்லிவிட்டால், குடியிருந்தவருக்கு மிச்சமானது 33,000. மண்ணோடு போனது 75,000. சொந்தக்காரருக்கோ புதுக்கூரை, புதுச்சுவர், சுத்தமான கிணறு, பதினோரு மாத வாடகை. மறுநாளே அதைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம். நல்ல வியாபாரம்! சொந்தக்காரர்கள் எல்லோரும் இப்படிச் செய்வார்கள் என்று நாம் சொல்லவில்லை. செய்யவேண்டுமென்று நினைத்தால் தடுப்பதற்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுகிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? மலைமேல் உள்ள பஞ்சாயத்து கிராமத்துக்கும் செல்லுவது 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 106-வது பிரிவின்படி, எழுத்து மூலமான உடன்படிக்கை இல்லாத குடியிருப்பு மாதத்துக்கு மாதம் நடக்கும் குத்தகை. பதினைந்து நாள் நோட்டீஸில் முடிந்துபோகும். 108-வது பிரிவு குடியிருப்பவனுக்கு ஒரு சலுகை தருகிறது: சொந்தக்காரர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவன் தானே செய்து, செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். கேட்க இனிமையாக இருக்கிறது. "கடமைப்பட்ட" என்ற ஒரு சொல்லில் விஷயம் முழுவதும் தொங்குகிறது. பழுதெல்லாம் குடியிருப்பவன் பொறுப்பு என்று டெலிபோனில் ஒப்புக்கொண்டவனுக்கு அந்தப் பிரிவினால் என்ன லாபம்? வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தானே என்று ஒதுக்குவதற்கில்லை. அவன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.

நகரங்களின் கதை வேறு. யுத்த காலத்து நெருக்கடியில் சென்னை ராஜதானியில் வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. 1946-லும் 1949-லும் சட்டமாயிற்று. 1960-ல் அது விரிந்த உருவம் பெற்றது. அந்த 1960-ம் வருஷத்துச் சட்டத்தில் நம் விஷயத்துக்குப் பொருத்தமான இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒரு வீடு காலியானால் ஏழு நாளைக்குள் சொந்தக்காரர் அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; சர்க்கார் வேண்டுமானால் தன் உத்தியோகஸ்தருக்கோ பொதுக் காரியத்துக்கோ அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, சொந்தக்காரர் பழுது பாராவிட்டால், கண்ட்ரோலர் உத்தரவு பெற்றுக் குடியிருப்பவர் பழுது பார்த்து, வருஷ வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை கழித்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தால் பல குறைகள் விளைந்தன, மறுப்பதற்கில்லை. முப்பது வருஷத்துக்கு முந்திய வாடகையைக் கொடுத்துக்கொண்டு பெரிய வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பணக்காரக் குடிகளும் உண்டு. அந்த வாடகையில் ஓடு மாற்ற முடியாமல் வீட்டை இடியவிட்ட ஏழைச் சொந்தக்காரர்களும் உண்டு. எனினும், பூட்டிய வீடு என்பது சொந்தக்காரரின் இஷ்டம் மட்டுமன்று, ஊருக்கும் அதில் ஒரு பாத்தியதை உண்டு என்ற எண்ணம் அந்த ஏழு நாள் விதியில் இருந்தது. 2017-ம் வருஷத்துப் புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமுலுக்கு வந்து பழையதை ரத்து செய்தது. உடன்படிக்கையை எழுதிப் பதிய வேண்டும் என்கிறது. கூரை, சுவர், கம்பி முதலியவற்றின் பெரும் பழுது சொந்தக்காரருடையது, சில்லறைப் பழுது குடியிருப்பவருடையது என்று அட்டவணை போட்டுக் காட்டுகிறது. இவை நல்ல மாறுதல்கள். ஆனால் வாடகை எவ்வளவு என்பதை இருவரின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. ஒருவன் தெருவில் நிற்கிறான், மற்றவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அவர்களுக்குள் ஒப்பந்தம் எப்படி முடியும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இது நம் ஜில்லாவின் கஷ்டம் மட்டுமன்று. 2011-ம் வருஷத்து ஜனக் கணிதத்தின்படி இந்தியாவின் நகரங்களில் மட்டும் சுமார் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. அடுத்த வருஷமே சர்க்கார் நியமித்த நிபுணர் குழு, நகரங்களில் 1 கோடியே 87 லட்சம் வீடுகளுக்கு மேல் பற்றாக்குறை என்று கணித்தது. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு, ஓரறையில் பலர் நெருங்கிக் கிடப்பதால் வந்த பற்றாக்குறை. நெருக்கடியும் காலி வீடும் ஒரே தெருவில்! வாடகைக்கு இருப்போர் தொகையும் சுருங்கிவிட்டது. 1961-ல் நகரக் குடும்பங்களில் நூற்றுக்கு 54 வாடகை வீட்டில் இருந்தன, 2011-ல் 28. எல்லோரும் சொந்த வீடு கட்டிக்கொண்டார்கள் என்று இதற்கு அர்த்தம் சொல்லி மகிழ்வோர் இருக்கிறார்கள். வாடகைக்கு விடுவதைவிடப் பூட்டி வைப்பதே பத்திரம் என்று சொந்தக்காரர்கள் நினைத்துவிட்டார்கள் என்றும் அர்த்தம் சொல்லலாம்.

வெளிநாட்டார் இதற்கு என்ன செய்தார்கள் என்பதையும் கவனிப்போம். லண்டனில் 1865-ல் ஆக்டேவியா ஹில் என்ற அம்மையார், பாழடைந்த மூன்று குடியிருப்புகளைப் பொறுப்பேற்றார். பணம் போட்டவர் ஜான் ரஸ்கின். 1904-ல் தென்னாப்பிரிக்க ரயிலில் காந்திஜி படித்து வாழ்க்கையை மாற்றிக்கொண்ட நூலை எழுதிய அதே ரஸ்கின். போட்ட பணத்துக்கு நூற்றுக்கு 5 வீதம் வருமானம் வந்தால் போதும், மிகுந்தது வீட்டுக்கே என்பது ஏற்பாடு. அம்மையார் வாரந்தோறும் நேரில் போய் வாடகை வசூலித்தார். சாக்கடையும் கூரையும் முதலில் செப்பனிட்டார். ஒதுக்கிய பழுதுப் பணத்தில் மிச்சமானால் அதைக்கொண்டு என்ன செய்வதென்று குடியிருப்பவர்களையே கேட்டார். வசூலில் அவர் கண்டிப்புக்காரர். வாடகை கொடாதவரை வெளியேற்றவும் தயங்கவில்லை. தர்மத்துக்கு வீடு கொடுப்பது அவர் நோக்கமன்று. நியாயமான வாடகைக்கு நல்ல வீடு கொடுத்தும் நஷ்டப்படாமல் இருக்கலாம் என்று காட்டுவதே நோக்கம். ஜப்பானில் 2023-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. அங்கே ஊராட்சிகளே காலி வீடுகளின் ஜாபிதாவை வைத்துக்கொண்டு, வேண்டுவோரையும் சொந்தக்காரரையும் சந்திக்க வைக்கின்றன.

ஏலகிரியில் அப்படியொரு ஜாபிதா எடுப்பது பெரிய காரியமன்று. பஞ்சாயத்திடம் வீட்டு வரிக் கணக்கு இருக்கிறது. பூட்டிய வீடு எது என்பது தபால்காரருக்கும் பால்காரருக்கும் தெரியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளருக்கு விடுதி கட்டித் திறந்த சர்க்காருக்கு, ஏற்கெனவே கட்டியிருக்கும் வீட்டின் பூட்டைத் திறப்பது சக்திக்கு மீறியதாகுமா? பழுது பார்க்கிறவனுக்கு இத்தனை வருஷம் இருக்கப் பாத்தியதை என்று ஒரு மாதிரி உடன்படிக்கையை அச்சிட்டுத் தாலுகாதோறும் வைத்தால் கூடப் பாதிச் சண்டை தீரும். தேசத் தொண்டில் ஈடுபட்ட வாலிபர்கள் ஊர்வலத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் நாலில் ஒரு பங்கை இந்த ஜாபிதாவுக்குக் கொடுக்கலாம்.

ஆயினும் ஒரு சங்கதியை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. கீழே இருப்பவர்கள் எல்லோரும் மலையேறிவிடுவது வழியாகாது. பதினான்கு வளைவுகளைத் தினம் இரண்டு முறை கடந்து வேலைக்குப் போவது எளிதன்று. இரவில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் மலை அதிக உயரமாகிவிடும். அன்றியும், வெளியார் வந்து மனைக்கு விலை ஏற்றியதில் முதலில் அடிபட்டவர்கள் மலைக்குடிகளே. தம் பாட்டன் ராகி விதைத்த நிலத்தில் எழும்பிய குடிலுக்குக் காவற்காரராகவும், அறை கூட்டுபவராகவும் அவர்கள் ஆவதை நாம் பார்க்கிறோம். பூட்டிய வீட்டின் ஜாபிதாவை எடுத்தால், அதில் முதல் இடம் மலையிலேயே கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவருக்கு என்று விதி செய்யவேண்டும். நமது நண்பர் இதைக் கேட்டு, "அப்படியானால் எனக்குக் கிடைக்காதே" என்றார். வாஸ்தவம். ஆனாலும் அவரே ஒப்புக்கொண்டார்.

வீடு கொடுப்பவர்களெல்லாம் கல்நெஞ்சர்கள் என்று எழுதிவிட்டோமோ என்ற சந்தேகம் இப்போது எழுகிறது. பாரதியார் புதுவையில் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் குடியிருந்தபோது, வீட்டுக்காரரை எல்லோரும் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று செல்லமாக அழைப்பார்களாம். வாடகை கேட்க வருவார். பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விடுவார் என்று அக்காலத்தில் உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் செட்டியாரின் பொறுமைக்குத் தமிழ் நாடு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை அளந்து சொல்ல முடியாது. எல்லாக் குடிகளும் பாரதியாராக முடியாது. எல்லா வீட்டுக்காரரும் செட்டியாராக வேண்டியதுமில்லை. எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

நண்பர் ஒரு காகிதத்தில் ஆறு ஷரத்துகள் எழுதிப் பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறார். ஐந்து வருஷக் குத்தகை, பதிவுசெய்த பத்திரம். இப்போதுள்ள பழுதுகளின் ஜாபிதா, போட்டோக்களுடன். கூரையும் கிணறும் சொந்தக்காரர் செலவு. குடியிருப்பவர் செய்தால் ரசீதுப்படி வாடகையில் கழிவு. பூச்சும் வெள்ளையும் குடியிருப்பவர் செலவு. ஐந்து வருஷத்துக்கு முன் காலி செய்யச் சொன்னால், கழியாத பாக்கியை ரொக்கமாகத் திருப்புவது. வாரிசுகள் எல்லோரின் கையெழுத்தும். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் தாமே பார்த்துவிட்டார், அடமானம் ஒன்றுமில்லை. நண்பர்கள் சிலர், "இவ்வளவு கேட்டால் வீடே கிடைக்காது, முதலில் குடிபோய்விடும்" என்று புத்தி சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அவர் செய்தது சரியென்பதே நமது அபிப்பிராயம்.

பத்து நாள் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. கொத்தனார் பெரியவர் சுண்ணாம்பு நீற்றத் தொட்டி கட்டலாமா என்று இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். மலையில் ஆவணி மழை தொடங்கிவிட்டது. பழுதான ஐந்து கைமரங்களுக்கும் முட்டுக் கொடுத்து, ஓடு நகர்ந்த இடங்களில் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறார்கள், சொந்தக்காரரின் அனுமதியைக் கேட்காமலே.